2 வருஷமாகியும் புள்ளி போகாத கற்றாழை: தலைக்குத் தேய்க்கலாமா?

இப்போதைக்குத் தேய்க்காதீங்க, வாயிலும் வைக்காதீங்க. பக்கத்து வீட்டு அம்மா கொடுத்த கன்று, 2 வருஷமாச்சு, வெள்ளைப் புள்ளி அப்படியே இருக்கு, ஓரத்தில் பழுப்பு முள்ளுன்னு சொல்றீங்க. இது சோற்றுக்கற்றாழை (அலோவேரா) மாதிரித் தெரியலை. பெரும்பாலும் அலோ மாகுலாட்டா, அதாவது சோப்புக் கற்றாழை. தென்னாப்பிரிக்கச் செடி, சாறு நுரைக்கும்.

குழப்பம் எங்கேன்னா, குட்டியா இருக்கும்போது ரெண்டுக்குமே புள்ளி உண்டு. வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி வீடு) காரிடாரில் ஒரு தொட்டியிலிருந்து இன்னொரு தொட்டிக்குக் கை மாறும்போது எல்லாமே ‘அலோவேரா’தான்! எங்க புளோக்கிலும் அப்படித்தான்.

இப்படிப் பாருங்க:

1. முள்ளை விரலால் தடவுங்க. சோப்புக் கற்றாழை முள் கரும்பழுப்பா, கெட்டியா குத்தும். சோற்றுக்கற்றாழையில் சின்னதா, வெளிறி இருக்கும்.

2. மடல் குட்டையா அகலமா விரிஞ்சு, நுனி காய்ஞ்சிருந்தா சோப்புக் கற்றாழை. நீளமா, சதைப்பற்றோட நிமிர்ந்து நின்னா மற்றது.

3. பூத்தா கதிரோட வடிவத்தைப் பாருங்க. சோற்றுக்கற்றாழை பெரும்பாலும் மஞ்சள் பூ, நீளக் கதிர். மற்றதில் பெரும்பாலும் ஆரஞ்சுப் பூ, குடை விரிச்ச மாதிரி மேல்பக்கம் தட்டையா.

ஒண்ணு, வளர்ந்தும் புள்ளி மாறாத சோற்றுக்கற்றாழையும் உண்டு. அதனால புள்ளியை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. மடல் சிவக்கிறது வெயிலால, ரெண்டும் சிவக்கும்.

அவசரம்னா ஈரச்சந்தையில் நீள மடலா வாங்கிக்குங்க. வெட்டினதும் நிமிர்த்தி வச்சு மஞ்சள் பாலை வடிய விடுங்க. அது வயிற்றைக் கலக்கிடும்.