இரண்டு தக்காளி ரகங்களைக் கலந்து நானே ஒரு புது ரகம் உருவாக்க முடியுமா? எத்தனை வருடம் ஆகும்?

முடியும். கலப்பது ஒரு காலைப்பொழுது வேலை. அதிலிருந்து வருவதைக் கூச்சமில்லாமல் ‘ரகம்’ என்று சொல்லிக்கொள்ள ஆறேழு தலைமுறை ஆகும். சுருக்கமான பதில் போதும் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

நான் விஞ்ஞானி இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நெல் ரகங்கள் உருவாக்கும் ஒரு பண்ணையில் பதினோரு வருடம் களப்பணியாளனாக இருந்தவன். தக்காளி என் சொந்த ஆசைக்கு வளர்ப்பது. பட்டம் வாங்கியவர்கள் யாராவது கீழே வந்து திருத்துவார்கள், தாராளமாகத் திருத்தட்டும். ஆனால் அவர்கள் கட்டுரையில் ‘சிறந்த செடிகள் தேர்வு செய்யப்பட்டன’ என்று ஒரே வரியில் கடந்துபோகும் வேலையை முழங்கால் சேற்றில் நின்று செய்தது என்னைப் போன்றவர்கள்தான்.

நீங்கள் கேட்டிருக்கும் தொனியைப் பார்த்தால், ஏற்கெனவே ஒருமுறை முயற்சி செய்து கையைச் சுட்டுக்கொண்டவர் மாதிரி தெரிகிறது. பாக்கெட்டில் வந்த ஹைப்ரிட் தக்காளி நன்றாகக் காய்த்திருக்கும். அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டிருப்பீர்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றில் பழம் கோலிக்குண்டு சைஸ், ஒன்று பூத்ததோடு சரி. விதை விற்றவன் ஏமாற்றிவிட்டான், மலட்டு விதை என்று திட்டியிருப்பீர்கள். அது மலடு இல்லை. மலடாக இருந்தால் முளைத்துக் காய்த்திருக்குமா? ஹைப்ரிட் என்பது இரண்டு தூய வரிசைகளின், அதாவது விதை போட்டால் மாறாமல் அப்படியே வரும் இரண்டு ரகங்களின், முதல் தலைமுறை. எல்லாச் செடிக்கும் அம்மாவிடமிருந்து ஒரே பாதி, அப்பாவிடமிருந்து ஒரே பாதி, அதனால் அச்சில் வார்த்ததுபோல ஒன்றாக நிற்கும். அதற்கடுத்த தலைமுறையில்தான் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போட்ட மாதிரி எல்லாம் பிரிந்து வரும். எஃப்-2 என்று நாங்கள் சொல்வது இதைத்தான். நீங்கள் திட்டிக்கொண்டு பிடுங்கிப் போட்ட அந்தக் கோளாறான செடிகள்தான் ஒரு புது ரகத்துக்கு மூலதனம்.

அந்த மூலதனம் எவ்வளவு வேண்டும் என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். கணக்கு எளிது. ஒரே ஒரு மரபணுவில் உங்களுக்கு வேண்டியது இரண்டு பக்கமும் ஒன்றாக அமைந்த செடி கிடைக்க நான்கில் ஒரு வாய்ப்பு. ஐந்து மரபணு என்றால் 1,024 செடியில் ஒன்று. பத்து என்றால் பத்து லட்சத்துக்கு மேல். பன்னிரண்டு தொட்டியை வைத்துக்கொண்டு இனிப்பும் வேண்டும், நோய் தாங்கவும் வேண்டும், கொத்தாகக் காய்க்கவும் வேண்டும் என்றால் நடக்காது. ஒன்று அல்லது இரண்டு குணத்தை மட்டும் குறி வையுங்கள்.

உலகப் புகழ் பெற்ற ஐஆர் 8 நெல்லையே பாருங்கள். பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் 1962-இல் 38 கலப்புகள் செய்தார்கள். அதில் எட்டாவது, இந்தோனேசியாவின் நெட்டை ரகமான பேட்டாவையும் தைவானின் குட்டை ரகமான டீ-ஜியோ-வூ-ஜென்னையும் கலந்தது. குட்டைத்தன்மை ஒடுங்கு குணம், அம்மா அப்பா இரண்டு பக்கமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும், அதனால் முதல் தலைமுறை முழுக்க நெட்டை. இரண்டாவதில் நாலில் ஒரு பங்கு குட்டையாகப் பிரிந்தது. நெட்டையை எல்லாம் தூக்கிப் போட்டார்கள். கடைசியில் தேறியதன் முழுப் பெயர் ஐஆர் 8-288-3. எட்டாவது கலப்பு, 288-ஆம் வரிசை, அதில் மூன்றாவது செடி. 1966-இல் வெளியானது. அந்தப் பெயரை எப்போது படித்தாலும் 288-க்கு முன்னும் பின்னும் இருந்த வரிசைகளைத்தான் நினைப்பேன். அவை என்ன ஆயின என்று யாரும் கேட்பதில்லை.

என் கதைக்கு வருகிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

ஆரம்பத்தில் நான் கலப்புக் கொட்டகையில் இருந்தேன். நெல் பூ எவ்வளவு சிறியது என்று உங்களுக்குத் தெரியும். சாயங்காலம் கதிரை எடுத்து, மறுநாள் பூக்கப் போகும் நெல்மணிகளின் தலையைக் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்ட வேண்டும். உள்ளே ஆறு மகரந்தப் பைகள். ஊசி நுனியால் ஆறையும் எடுக்க வேண்டும், ஒன்று உடைந்தாலும் அந்தப் பூ தன்னைத்தானே கருவுற்றுவிடும். காகித உறை போட்டு மூடி, மறுநாள் முற்பகலில் அப்பா ரகத்தின் பூத்த கதிரைக் கொண்டுவந்து மேலே தட்ட வேண்டும். ஒரு கதிருக்கு இருபது முப்பது பூ செய்தால் பத்து மணி பிடித்தாலே சந்தோஷம். உமி வெட்டுப்பட்டதால் அந்த மணி பாதி வெளியே தெரிய, சட்டை பத்தாத பிள்ளை மாதிரி இருக்கும். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். கெட்டிக்காரன் என்று நானே நினைத்துக்கொண்டதால்தான் அடுத்து நடந்தது.

மூன்றாம் வருடம் எஃப்-2 வயலில் தேர்வு செய்ய என்னையும் இறக்கினார்கள். ஒரு குத்துக்கு, அதாவது நடும் ஒரு இடத்துக்கு, ஒரே நாற்று, ஏறக்குறைய இரண்டாயிரம் செடி. நாற்பது பிடித்து நூல் கட்டிவிட்டு வா என்று எங்கள் மேற்பார்வையாளர் அனுப்பினார். இரண்டாம் நாள் வயலின் நடுவில் ஒன்று நின்றது. அக்கம்பக்கத்தில் எல்லாம் பத்துப் பன்னிரண்டு தூர் (ஒரே அடியிலிருந்து கிளைத்து வரும் தண்டு), இதில் எண்ணினால் இருபத்திரண்டு. அத்தனையிலும் கதிர். மணி முற்றித் தலை சாய்ந்து நின்றதைப் பார்த்தால் வைத்த கண் வாங்க முடியவில்லை. மற்றதுக்கெல்லாம் வெள்ளை நூல், இதற்கு மட்டும் சிவப்பு நூல் கட்டினேன்.

அந்த வயலில் என்னைவிட இருபது வருடம் அதிகம் வேலை பார்த்த ஒரு அக்கா இருந்தார். சிவப்பு நூலைப் பார்த்துவிட்டு, “தம்பி, கீழ பாரு. ரெண்டு பக்கமும் குத்து செத்துக் கெடக்கு. தனியா தின்னு கொழுத்திருக்கு” என்றார். குனிந்து பார்த்தேன். உண்மைதான், இரண்டு பக்கமும் காலி. ஆனால் நான் படித்தவன் அல்லவா? “இல்லக்கா, இது ஜாதியே வேற” என்றேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

அடுத்த பருவம் ஒவ்வொரு செடியின் விதையையும் தனித்தனி வரிசையாக நட்டோம். என் சிவப்பு நூல் வரிசையில் சராசரி பதினொரு தூர். பக்கத்தில் நட்டிருந்த ஒப்பீட்டு ரகத்தைவிட ஒரு படி கீழே. அப்போதும் விடவில்லை. இந்த இடத்தில் மண் சரியில்லை, தண்ணீர் தேங்கியிருக்கும் என்று ஏதேதோ சொல்லி இன்னொரு பருவம் அதை உள்ளே வைத்தேன். இரண்டாம் முறையும் அதே பதினொன்று வந்தபிறகுதான் மேற்பார்வையாளர் என்னைக் கேட்காமலே அதைப் பட்டியலிலிருந்து அடித்தார்.

செடி உயரமாகத் தடித்து நிற்பதில் ஒரு பங்கு அதன் ரத்தம், ஒரு பங்கு அது நிற்கும் இடம். விதை வழியே பிள்ளைக்குப் போவது ரத்தம் மட்டும். டென்மார்க்கின் தாவரவியலாளர் யோகான்சென் 1903-லேயே பீன்ஸ் விதையை வைத்து இதை நிரூபித்தவர். ஒரே தூய வரிசைக்குள் பெரிய விதையாகப் பொறுக்கி விதைத்தாலும் சின்ன விதையாகப் பொறுக்கி விதைத்தாலும் பிள்ளைகளின் சராசரி எடை மாறவில்லை. பரீட்சையில் இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியவன் நான். வயலில் அந்த அக்கா ஒரே வரியில் சொன்னபோது உறைக்கவில்லை.

ஒரு மக்குச் செடியை நம்பி ஏமாந்ததைச் சிரித்துவிட்டுப் போய்விடலாம். இரண்டு பருவம் அதற்குக் கொடுத்த வரிசையில் வேறு ஒன்று நின்றிருக்க வேண்டும். நெருக்கத்தில் மாட்டிக்கொண்டு ஒன்பது தூரோடு நின்ற ஏதோ ஒன்றில் நல்ல ரத்தம் இருந்திருக்கலாம். அது அறுவடையில் மற்றதோடு சேர்ந்து மூட்டைக்குப் போயிருக்கும். அதை என்னால் இன்றுவரை கணக்குத் தீர்க்க முடியவில்லை.

“இப்போதெல்லாம் டிஎன்ஏ-வில் உள்ள மூலக்கூறு அடையாளம் வைத்து நாற்றிலேயே தேர்ந்தெடுக்கிறார்கள், நீ எந்தக் காலத்தில் இருக்கிறாய்” என்று ஒருவர் கட்டாயம் வருவார். தெரியும் ஐயா. குட்டைத்தன்மை, சில நோய் எதிர்ப்பு மாதிரி ஒற்றை மரபணு விஷயங்களில் அது பெரிய வரம், மறுக்கவில்லை. விளைச்சல் ஒற்றை மரபணுவில் இல்லை, நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடக்கிறது. அதற்கும் மரபணுத் தொகுப்பை வைத்துக் கணித்துத் தேர்வு செய்கிறார்கள், ஆனால் அந்தக் கணிப்பைப் பழக்குவதற்கான அளவுகள் கடைசியில் வயலிலிருந்துதான் வர வேண்டும். வயல் அளவு தப்பாக இருந்தால் கணினி என்ன செய்யும்? அதனால்தான் ஒரே வரிசையை மூன்று நான்கு இடத்தில் குலுக்கல் முறையில் மாற்றி மாற்றி நடுகிறார்கள். மரபணு மாற்றப் பயிர் நல்லதா கெட்டதா என்று என்னை இழுக்க வேண்டாம், கேட்டது அது இல்லை.

கணினி என்றதும் வயிறு எரிகிறது, இதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வரிசைகளுக்கு 4-11, 6-2 என்றுதான் எண். நான்காம் கலப்பு, பதினொன்றாம் செடி. கணினியின் அட்டவணை மென்பொருளுக்கு இது எண் இல்லையாம், தேதியாம். யாரோ ஒருவர் கோப்பைத் திறந்து அப்படியே சேமித்துவிட்டார். அடுத்த பருவம் அச்சாகி வந்த அட்டைகளில் ‘ஏப்ரல் 11’, ‘ஜூன் 2’. நாற்றங்காலில் நின்றுகொண்டு ஜூன் 2-ஐத் தேடினோம். அதில் சிலது மாதம் முன்னாலும் நாள் பின்னாலும், சிலது தலைகீழ். 4-11-ஆ 11-4-ஆ என்று தெரியாத வரிசைகளை எல்லாம் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. இது எங்களுக்கு மட்டும் வந்த கேடு இல்லை. மனித மரபணுக்களுக்குப் பெயர் வைக்கும் குழுவே தொல்லை தாங்காமல் 2020-இல் மார்ச், செப்டம்பர் போலத் தோன்றிய மரபணுப் பெயர்களை மாற்றிவிட்டது. மென்பொருளை மாற்றச் சொல்வதைவிட மரபணுவின் பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கிறது! அன்றிலிருந்து நான் எண்ணுக்கு முன்னால் ஒரு எழுத்துப் போடாமல் எழுதுவதில்லை. நீங்களும் தொட்டியில் அட்டை குத்தும்போது பென்சிலால் எழுதுங்கள். மையால் எழுதினால் வெயிலில் வெளுத்துவிடும்.

சரி, உங்கள் தக்காளி. எஃப்-2 செடியில் கலப்படம், அதாவது அம்மா பக்கமும் அப்பா பக்கமும் வேறுவேறாக அமைந்த மரபணுக்கள், பாதி. தக்காளி பெரும்பாலும் தன்னைத்தானே கருவுறுவதால் ஒவ்வொரு தலைமுறைக்கும் அது பாதியாகும். எஃப்-3-இல் கால், எஃப்-6-இல் மூன்று சதவீதம் சொச்சம். அதன்பிறகு விதை போட்டால் ஏறக்குறைய ஒரே மாதிரி வரும். கலப்பு, எஃப்-1, அப்புறம் ஐந்து தலைமுறை. வருடத்துக்கு இரண்டு முறை வளர்க்க முடிந்தால் மூன்றரை வருடம், ஒருமுறைதான் என்றால் ஏழு. எஃப்-2-வில் எவ்வளவு முடியுமோ அவ்வளவு செடி வையுங்கள், தொட்டி எல்லாம் ஒரே அளவு, ஒரே மண். மூலையில் தனியாக வெயில் காயும் தொட்டியைப் பார்த்து மயங்காதீர்கள். பழத்தின் நிறம், வடிவம், இலை மாதிரி இடத்துக்குத் தக்கபடி மாறாத குணங்களை ஒற்றைச் செடியிலேயே நம்பலாம். எத்தனை கிலோ காய்த்தது என்பதை ஒற்றைச் செடியில் நம்பவே கூடாது.

கலக்கும்போது, மொட்டின் இதழ் வெளிர் மஞ்சளாக மாறத் தொடங்கி இன்னும் விரியாத நிலையில் பிடியுங்கள். உள்ளே கூம்பு மாதிரி ஒட்டியிருக்கும் மகரந்தப் பைகளை இடுக்கியால் உரித்துவிட்டால் நடுவில் பச்சைத் தண்டு ஒன்று மிஞ்சும். அதன் நுனியில் அப்பா செடியின் மகரந்தத்தைத் தடவுங்கள். அடையாளத்துக்குப் பூவின் பச்சை இதழ்களில் இரண்டைக் கத்தரித்து விடுங்கள். பழம் அம்மா செடியின் பழம் மாதிரியேதான் இருக்கும், கலப்பு தோற்றுவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மாற்றம் உள்ளே விதையில்.

முடிந்தால் அம்மாவாக உருளைக்கிழங்கு இலை கொண்ட தக்காளி ரகம் ஒன்றை எடுங்கள், அப்பாவாகச் சாதாரண இலை ரகம். உருளைக்கிழங்கு இலை ஒடுங்கு குணம். விதை முளைத்து நாலைந்து இலை விட்டதும் ஓரத்தைப் பாருங்கள். வெட்டுவெட்டாகப் பல் இருந்தால் கலப்பு பிடித்திருக்கிறது. வழவழவென்று இருந்தால் அம்மா தானே கருவுற்றிருக்கிறாள், அடுத்த முறை மொட்டை இன்னும் ஒரு நாள் முன்னதாகப் பிரியுங்கள்.