கேமராமேன்தான் கொலையாளியா? 'ஹ்யோகா' விவாதத்தை எங்கிருந்து தொடங்குவது

கேள்வி: 'ஹ்யோகா' என்ற ஜப்பானிய அனிமேஷன் தொடரில் (அனிமே) பாதியில் நின்றுபோகும் மர்மப் படத்தின் விடையைப் பற்றி எனக்கும் என் தோழிக்கும் பெரிய வாக்குவாதம். கேமராமேன்தான் கொலையாளி என்று தொடரின் நாயகன் ஒரேக்கி சொன்னதே சரி, படமும் அப்படித்தானே முடிந்தது என்கிறாள் அவள். திரைக்கதை எழுதிய ஹோங்கோ நினைத்தது வேறு என்கிறேன் நான். எங்கள் கல்லூரி அனிமே குழுவில் இதையே விவாதத் தலைப்பாக வைத்துவிட்டார்கள். எந்தப் பக்கம் வலுவானது? எப்படி வாதாடுவது?

பதில்: வலுவான பக்கம் உங்களுடையது. ஆனால் இப்போது நீங்கள் வாதாடும் விதத்தில் ஜெயிப்பது கஷ்டம். 8 முதல் 11 வரையிலான எபிசோடுகளைப் பார்க்காதவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்வது நல்லது. விடை முழுவதும் கீழே வருகிறது.

கியோட்டோ அனிமேஷன் 2012-ல் எடுத்த 22 எபிசோட் தொடர் இது. யோனேசாவா ஹோனோபுவின் நாவல் வரிசையிலிருந்து வந்தது. கமியாமா உயர்நிலைப் பள்ளியின் ஒரு வகுப்பு, பள்ளி விழாவுக்காக ஒரு மர்மப் படம் எடுக்கிறது. ஆறு மாணவர்கள் கைவிடப்பட்ட ஓர் ஊரில் உள்ள பழைய அரங்கத்துக்குள் போகிறார்கள். அவர்களில் கைடோ என்பவன் பூட்டிய அறைக்குள் கை வெட்டுண்டு கிடக்கிறான். அதோடு திரைக்கதை நின்றுவிடுகிறது, எழுதிய ஹோங்கோவுக்கு உடல்நிலை சரியில்லை என்கிறார்கள். வகுப்பை நடத்திச் செல்லும் இரிசு, ஒரேக்கியும் அவன் நண்பர்கள் சிடாண்டா, சடோஷி, இபாரா மூவரும் இருக்கும் இலக்கிய மன்றத்திடம் கொலையாளியைக் கண்டுபிடித்துத் தரச் சொல்கிறாள்.

இங்கேதான் நீங்கள் இருவரும் பிரிகிறீர்கள். எடுத்து முடித்த காட்சிகளுக்குப் பொருந்துகிற ஒரு முடிவு எது என்பது உங்கள் தோழி பதில் சொல்லும் கேள்வி. ஹோங்கோ எழுத நினைத்த முடிவு எது என்பது உங்களுடையது. முதல் கேள்விக்குப் பல விடைகள் இருக்கலாம், இரண்டாவதற்கு ஒன்றுதான். விவாதம் தொடங்கியதும் இந்தப் பிரிவை எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "படம் நன்றாக ஓடியதே" என்ற ஒரே வாக்கியத்தில் அவள் உங்களை மடக்கிவிடுவாள்.

அவள் பக்கத்தின் பலத்தையும் குறைத்து எடைபோடாதீர்கள். அந்த வகுப்பு மாணவர்கள் மூவர் ஆளுக்கொரு தியரி சொல்கிறார்கள், மூன்றும் விழுகின்றன. நகாஜோ சொல்வதுபோல் கொலையாளி ஜன்னல் வழியாகப் போயிருந்தால், வெளியே அடர்ந்து வளர்ந்திருக்கும் கோடைக்காலப் புல் மிதிபட்டிருக்க வேண்டும். அப்படி எந்த அடையாளமும் இல்லை. ஹபா மேலிருந்து கயிற்றில் இறங்கி ஜன்னலுக்குள் நுழைவதாகச் சொல்கிறான். அந்த ஜன்னலோ லேசில் திறக்காது, திறந்தால் சத்தம் போடும். பேய்ப் படமாக முடிக்கலாம் என்பது சவாகிகுச்சியின் யோசனை. அதற்குத் தேவையான அளவு போலி ரத்தம்கூட வாங்கப்படவில்லை. இவற்றுக்குப் பிறகு ஒரேக்கி சொல்லும் விடை எடுத்த காட்சிகளோடு அழகாகப் பொருந்துகிறது: அந்த அறுவரைத் தவிர அங்கே ஏழாவதாக ஒருவர் இருந்தார், அவர்தான் கேமராவைப் பிடித்திருந்தவர். பார்வையாளர் கண்ணாக நினைத்த கேமராவே கொலையாளியின் கண்ணாக மாறுவது நல்ல சினிமா. நானும் ரசித்தேன், இதை மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் அது ஹோங்கோவின் விடை இல்லை. அதற்கான சாட்சியங்களைத் தொடரே வரிசையாகக் கையில் கொடுத்துவிடுகிறது.

முதலாவதும் மிகப் பெரியதும் கயிறு. ஆளைத் தாங்கும் அளவுக்கு வலுவான கயிறு வேண்டும் என்று ஹோங்கோ முன்கூட்டியே கேட்டிருந்தாள். ஒரேக்கியின் முடிவில் கயிறு எங்குமே வரவில்லை. இபாரா கேட்பது இதைத்தான், ஒரேக்கியிடம் பதில் இல்லை. மர்மக் கதை விவாதத்தில் எந்தத் தியரியையும் சோதிக்க நான் முதலில் பார்ப்பது, அது எந்தத் தகவலை விட்டுவிடுகிறது என்பதுதான். ஒரு தியரி எத்தனை துப்புகளை விளக்குகிறது என்று கணக்குப் போட்டால் எல்லாத் தியரியும் கெட்டிக்காரத்தனமாகத் தெரியும். எதை விளக்க முடியாமல் தாண்டிப் போகிறது என்று பார்த்தால் ஓட்டை தெரிந்துவிடும். அதுவும் எழுதியவரே தன் வாயால் கேட்டு வாங்கிய பொருளை விட்டுவிடும் தியரியை, அவர் மனதில் இருந்த விடை என்று சொல்லவே முடியாது.

அடுத்தது சடோஷி சொல்வது. மர்மக் கதைக்கே புதியவளான ஹோங்கோ, எழுதுவதற்காகப் படித்தது ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை. கதை சொல்லப்படும் கோணத்தையே பொறியாக்கி ஏமாற்றும் உத்தியை அவள் அங்கிருந்து எடுத்திருக்க முடியாது என்பது அவன் வாதம். இதோடு நீங்கள் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆங்கிலத் துப்பறியும் கதை எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-ல் வெளியிட்ட துப்பறியும் கதை விதிகளில் முதலாவது, குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே அறிமுகமாகியிருக்க வேண்டும் என்பது. ஒரேக்கி சொல்லும் ஏழாவது ஆள் அதுவரை பெயரளவில்கூட அறிமுகமாகவில்லை. நாக்ஸின் விதியை மீறிய நல்ல கதைகள் நிறைய உண்டு, அதனால் இதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். புதிதாக எழுத வருபவள் விதிகளைப் பிடித்துக்கொண்டுதான் எழுதுவாள் என்ற அளவில் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கதையின் உயிர் மூன்றாவது சாட்சியத்தில் இருக்கிறது. ஹோங்கோ படித்த ஹோம்ஸ் தொகுப்புகளில் சில கதைகளுக்கு நேரே வட்டமும் சிலவற்றுக்குப் பெருக்கல் குறியும் போட்டிருப்பாள். எந்தத் தந்திரம் தன் படத்துக்கு உதவும் என்று குறித்திருக்கிறாள் என்றுதான் முதலில் எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். தந்திரம் பொதுவாக இருக்கிறதா என்று தேடினால் எதுவும் சிக்காது. கதை எப்படி முடிகிறது என்று பார்த்தால் எல்லாம் விளங்கும். துயரமாக முடிபவற்றை அவள் ஒதுக்கியிருக்கிறாள். இப்போது போலி ரத்தத்துக்குத் திரும்பி வாருங்கள். அவள் கேட்டது மிகக் கொஞ்சம். வெட்டுண்ட கை, திரையில் நாம் பார்க்கும் கோரம் எல்லாம் படப்பிடிப்புக்குப் போன மாணவர்கள் ஆர்வத்தில் சேர்த்தவை. ஹோங்கோவின் கதையில் யாருமே சாகவில்லை.

அடிபட்டவன் உயிரோடு இருக்கிறான் என்றால் பூட்டிய அறை என்ற புதிரே கரைந்துபோகிறது. அவனே உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொள்ளலாம். ஏன் போட்டான் என்பதுதான் கதை: தன்னைத் தாக்கியவரைக் காப்பாற்றுவதற்காக. இந்த விடையில் கயிறு, கொஞ்சமே ரத்தம், புத்தகக் குறிகள் எல்லாவற்றுக்கும் இடம் கிடைக்கிறது.

உங்கள் தோழி இதற்கு ஒரு நல்ல எதிர்வாதம் வைக்கலாம்: "திரையில் கை வெட்டுண்டு கிடக்கிறதே, அப்படியானால் ஹோங்கோவின் முடிவு படத்துக்குப் பொருந்தவில்லையே?" பொருந்தாதுதான், தயங்காமல் ஒத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் கொலையாக எடுத்து வந்த படத்தை, கொலையே இல்லாத தன் முடிவோடு சேர்க்க ஹோங்கோவுக்கு வழியில்லை. வகுப்பினரிடம் அதைச் சொல்லும் தைரியமும் அவளுக்கு இல்லை. அவளைக் குற்றவாளியாக நிறுத்தாமல் படத்தையும் காப்பாற்ற இரிசு ஒரு வழி கண்டுபிடிக்கிறாள். துப்பறியும் போட்டி என்ற பெயரில் அவள் நடத்தியது புதுத் திரைக்கதைக்கான போட்டி. ஒரேக்கி துப்பறிவாளனாகத் தோற்று, தன்னை அறியாமலே திரைக்கதை ஆசிரியனாக ஜெயித்திருக்கிறான்.

இதற்கான சான்று சிடாண்டாவின் கேள்வியில் இருக்கிறது. ஹோங்கோவின் நெருங்கிய தோழி எபா அதே வகுப்பில் இருக்கும்போது, கொலையாளி யாரென்று இரிசு அவளிடம் ஏன் கேட்கவில்லை? உண்மையான விடை வேண்டும் என்றால் முதலில் அங்கேதான் போயிருப்பாள். இதை உங்கள் கடைசி வாதமாக வைத்திருங்கள். அறையின் அமைப்பு, சாவி, ஜன்னல் என்று பேசிக் களைத்த பிறகு கேட்டால் விவாதத்தின் போக்கே மாறிவிடும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். 11-ஆம் எபிசோடின் முடிவில் வரும் இணைய அரட்டை உரையாடலைப் பார்த்துவிட்டு, உடனே 8-ஆம் எபிசோடின் தொடக்கத்தில் வரும் உரையாடலைப் போட்டுப் பாருங்கள். இரண்டிலும் யார் யாரிடம் பேசுகிறார்கள், ஹோங்கோவைப் பற்றி யாருக்கு எவ்வளவு முன்பே தெரியும் என்று குறித்துக்கொள்ளுங்கள். தோழியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. குழுவில் மோதும்போது இருவரிடமும் ஒரே ஆதாரங்கள் இருக்கும், பேச்சு விடையைப் பற்றி மட்டும் இருக்கும்.