காசநோய் எங்கும் இருந்த காலத்தில், கனடாவின் வதிவிடப் பாடசாலைகளை மட்டும் குற்றம் சொல்வது நியாயமா?

பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தங்கவைத்த கனடாவின் வதிவிடப் பாடசாலைகளில் அந்தப் பிள்ளைகள் இறந்தது காசநோயால்தான், அந்த நோய் அன்று நாடு முழுவதும் இருந்தது, அப்படியிருக்க அரசையும் திருச்சபைகளையும் குற்றம் சொல்வது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயம்தான் என்பதே என் பதில். நோய் எங்கும் இருந்தது உண்மை. ஆனால் அந்தப் பிள்ளைகள் மட்டும் ஏன் அவ்வளவு பேர் இறக்கிறார்கள் என்பது 1907ஆம் ஆண்டிலேயே ஒட்டாவா அதிகாரிகளின் கைக்கு அறிக்கையாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. தெரிந்த பிறகும் ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் இந்த முறை நீடித்தது.

1883இல் பிரதமர் ஜோன் ஏ. மக்டொனால்டின் அரசு மேற்குப் புல்வெளிப் பகுதிகளில் இந்தத் திட்டத்தை விரிவாக்கியபோது யாரும் நோக்கத்தை மறைக்கவில்லை. பிள்ளையைத் தாய் தகப்பனிடமிருந்து பிரித்தால்தான் வெள்ளையரின் பழக்கவழக்கம் படியும் என்று நாடாளுமன்றத்திலேயே பேசப்பட்டது. பணம் கொடுத்தது அரசு; நடத்தியவை கத்தோலிக்க, அங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிற்றேரியன் திருச்சபைகள். 1892 முதல் பிள்ளைக்கு இவ்வளவு என்று தலைக்கணக்கில் பணம் கொடுக்கப்பட்டது. கேட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். தலைக்கணக்கு குறைந்தால் வருமானம் குறையும் என்பதால், இருமிக்கொண்டிருந்த பிள்ளையையும் சேர்த்துக்கொண்டார்கள். இடமில்லாத அறையிலும் கட்டில்களை நெருக்கிப் போட்டார்கள். விறகையும் நிலக்கரியையும் மிச்சம்பிடிக்கக் குளிர்காலம் முழுவதும் சன்னல்களை அடைத்துவைத்தார்கள். கொடுத்த பணம் போதாததால், பிள்ளைகள் அரை நாள் படித்து மீதி நேரம் வயலிலும் சலவைக்கூடத்திலும் சமையலறையிலும் உழைத்தார்கள். அரைவயிற்றுச் சாப்பாட்டோடு இப்படி அடைபட்டுக் கிடக்கும் பிள்ளைகளிடையே காசநோய் எப்படிப் பரவும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அதை நேரில் கண்டு அந்த 1907 அறிக்கையை எழுதியவர், அன்று ‘இந்தியர்’ என்றழைக்கப்பட்ட பூர்வகுடியினரை நிர்வகித்த இந்திய விவகாரத் திணைக்களத்தின் தலைமை மருத்துவ அதிகாரியான பீற்றர் பிரைஸ். அவர் 35 பாடசாலைகளைப் பார்வையிட்டார். அவற்றுள் 15 மட்டுமே தம் மாணவர்களின் நிலை குறித்து அவருக்கு விவரம் அனுப்பின. அவை விவரம் தந்த 1,537 பிள்ளைகளில் 24 விழுக்காட்டினர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள். காற்றோட்டம், சேர்க்கும் முன் மருத்துவச் சோதனை, நோயுற்ற பிள்ளைகளுக்குத் தனிக் கவனிப்பு என, அன்றைய மருத்துவத்துக்கு நன்றாகவே தெரிந்திருந்த வழிகளைத்தான் அவர் கேட்டார். செலவு அதிகம் என்று சொல்லி அவற்றில் பெரும்பாலானவற்றைத் திணைக்களம் ஒதுக்கியது. பின்னர் அதே திணைக்களத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த டங்கன் காம்பெல் ஸ்கொட், இந்தப் பாடசாலைகளில் சேர்ந்த பிள்ளைகளில் பாதிப்பேர் தாம் பெற்ற கல்வியின் பயனை அனுபவிக்க உயிரோடு இருக்கவில்லை என்று 1914இல் தாமே எழுதினார். அப்படி எழுதியவரின் நிர்வாகத்திலேயே, 1920இல், பிள்ளைகளை அனுப்புவதைக் கட்டாயமாக்கும் சட்டத் திருத்தமும் வந்தது. அதை வாசிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது. மறு ஆண்டு பணியிலிருந்து விலக்கப்பட்ட பிரைஸ், 1922இல் இதை ஒரு தேசியக் குற்றம் என்று தலைப்பிலேயே சொல்லிச் சொந்தமாக ஒரு சிறுநூல் வெளியிட்டார்.

உங்கள் கேள்விக்கு நேர் விடை, இந்தப் பாடசாலைகளின் வரலாற்றை ஆராய்ந்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் கணக்கில் இருக்கிறது. 1941 முதல் 1945 வரை இந்தப் பாடசாலைகளின் இறப்பு வீதம், நாட்டில் அதே வயதிலிருந்த மற்றப் பிள்ளைகளின் வீதத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்காக இருந்தது. காசநோய்க்கு மருந்து வந்து நெடுநாளான 1960களிலும் அது இரண்டு மடங்காகவே இருந்தது. பதிவான இறப்புகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்குப் பிள்ளையின் பெயர்கூட எழுதப்படவில்லை. உடலை ஊருக்கு அனுப்பும் செலவை ஏற்கத் திணைக்களம் பொதுவாக மறுத்ததால், பல பெற்றோருக்குப் புதைத்த இடம்கூடத் தெரியாமல் போயிற்று. 2021இல் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கம்லூப்ஸில், பழைய வதிவிடப் பாடசாலை வளாகத்தில் நிலத்தடியை ஆராயும் ராடார் மூலம் கண்டறியப்பட்டவை புதைகுழிகளாக இருக்கக்கூடிய இடங்கள். அங்கு இன்னும் அகழ்வு நடக்கவில்லை. அதைப் பிடித்துக்கொண்டு எல்லாமே பொய் என்பவர்கள், பழைய ஆவணங்களிலிருந்தே திரட்டப்பட்ட நான்காயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் இறப்புகளைப் பற்றிப் பேசுவதில்லை.

எல்லாரும் நோயால் இறக்கவுமில்லை. 1966 ஒக்டோபரில் கெனோராவிலிருந்த பாடசாலையிலிருந்து தப்பிய 12 வயது ஒஜிப்வே பூர்வகுடிச் சிறுவன் சானி வென்ஜாக், ஏறக்குறைய 600 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த தகப்பனிடம் போவதற்காக ரயில் பாதை வழியே நடந்து, பசியிலும் குளிரிலும் அந்தப் பாதையருகிலேயே இறந்துகிடந்தான். சட்டைப் பையில் ஒரு சிறிய கண்ணாடிப் போத்தலில் சில தீக்குச்சிகள் மட்டும் இருந்தன.

ரொறொன்ரோ பகுதியில் வாழும் நம்மவர்கள் பிராண்ட்ஃபோர்ட் நகருக்கு ஒருமுறையாவது பிள்ளைகளோடு போய்வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 1970 வரை இயங்கிய மோஹாக் இன்ஸ்ரிரியூற் என்ற வதிவிடப் பாடசாலையின் கட்டடம் அங்கே இன்றும் நிற்கிறது. அதன் பின்சுவரின் செங்கற்களில் பிள்ளைகள் தம் பெயர்களையும், தமக்கு இடப்பட்ட எண்களையும் கீறியிருக்கிறார்கள். நான் அவற்றைத் தொட்டுப் பார்த்தேன்; சில கீறல்கள் என் இடுப்பளவு உயரத்தில் இருந்தன.

மொத்தத்தில் ஒன்றரை லட்சம் பிள்ளைகள் இந்தப் பாடசாலைகளில் அடைபட்டார்கள். தாய்மொழி பேசினால் அடி என்று வளர்ந்தவர்கள் தம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அணைத்து வளர்க்கப்படாதவர்களில் பலருக்குத் தாம் பெற்றவர்களை அணைக்கத் தெரியவில்லை. 2008இல் நாடாளுமன்றத்தில் பிரதமர் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் 2021 குடிசன மதிப்பின்படி, 14 வயது வரையான பிள்ளைகளில் 7.7 விழுக்காடாக மட்டுமே உள்ள பூர்வகுடியினர், வளர்ப்புப் பராமரிப்பில் உள்ள அதே வயதுப் பிள்ளைகளில் 53.8 விழுக்காடாக இருந்தார்கள். பூர்வகுடிக் குடியிருப்புகளில் சிறுவர் நலச் சேவைகளுக்கு அரசு குறைவாகப் பணம் ஒதுக்கியது பாரபட்சம் என்று மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்பளித்தது. அந்த வழக்கிலும், பற்றாக்குறையைக் காட்டும் ஆய்வறிக்கைகள் பல ஆண்டுகளாகவே அரசின் கையில் இருந்தன.