நகரத்தின் குடிநீர், கழிவுநீர், மழைநீர் மூன்றையும் ஒன்றாக நிர்வகிக்க முதலில் எந்தத் தொழில்நுட்பம் வேண்டும்?

மாணவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். சவ்வு வடிகட்டி, சென்சார் என்று ஏதாவது சொன்னால் செமினாரில் போட வசதியாக இருக்கும். என் பதில் அதற்கு உதவாது. ஒரு நகரத்தின் குடிநீர்ப் பிரிவில் பொறியாளராகப் பல வருடம் குப்பை கொட்டியவன் நான். முதலில் மாற வேண்டியது, செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்பதுதான்.

சிரிக்காதீர்கள். எங்கள் பகுதியில் ஒரு தெரு இருந்தது. பெருமழை பெய்தால் மேன்ஹோல் மூடியைத் தூக்கிக்கொண்டு கழிவுநீர் பொங்கும். மறுநாள் குழாயில் கலங்கல் தண்ணீர், நாற்றம். புகார் எங்களிடம் வரும். கழிவுநீர்ப் பிரிவைக் கேட்டால் "மழைத்தண்ணி எங்க குழாய்க்குள்ள வருது" என்பார்கள். வடிகால் பிரிவைக் கேட்டால் "எங்க சரிவு சரியா இருக்கு, வரைபடத்தப் பாருங்க" என்பார்கள். பார்த்தேன். ஒரே மேன்ஹோல் மூடிக்கு இரண்டு பிரிவின் வரைபடமும் காட்டிய மட்டத்தில் 40 செ.மீ. வித்தியாசம். உயரத்தை எங்கிருந்து அளக்கிறோமோ அந்த அடிப்படைப் புள்ளிக்கு பெஞ்ச்மார்க் என்று பெயர்; ஆளுக்கொரு பெஞ்ச்மார்க்கிலிருந்து அளந்திருக்கிறார்கள். அந்த வடிகாலின் சரிவு 500-க்கு 1. அதாவது 200 மீட்டர் நீளத்துக்குத் தண்ணீரை ஓடவைக்கும் மொத்தச் சரிவே 40 செ.மீ.தான். காகிதத்தில் ஓடிய தண்ணீர் தெருவில் நின்றது.

நானும் ஒரு ஜே.இ.யும் (இளநிலைப் பொறியாளர்) இரண்டு ஞாயிற்றுக்கிழமை மட்டம் பார்க்கும் லெவல் கருவியும் அதன் அளவுக் கம்பும் தூக்கிக்கொண்டு அலைந்தோம். தேங்கும் தண்ணீரை எப்படியாவது விரட்டவேண்டும் என்று யாரோ ஒரு காலத்தில் வடிகாலை மேன்ஹோலில் இணைத்திருந்தது அப்போதுதான் தெரிந்தது. மழையில் கழிவுநீர்க் குழாய் நிரம்பிப் பிதுங்கும். குடிநீர் நின்று அழுத்தம் இல்லாத நேரத்தில் எங்கள் குடிநீர்க் குழாயின் ஒழுகல் இணைப்புகள் வழியாக அந்தக் கழிவுநீர் உள்ளே போகும். மூன்று பிரிவுக்கும் இருந்தது ஒரே நோய்.

இதை எழுதினால் 'சிங்கப்பூரைப் பார்' என்று ஒருவர் வருவார், 'சிங்கப்பூரோடு ஒப்பிடாதே, அது சின்ன நாடு' என்று இன்னொருவர் வருவார். ஒப்பிடவில்லை ஐயா, வரிசையை மட்டும் பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரித்துத் தரும் நியூவாட்டர் ஆலைகள் திறக்கப்பட்டது 2003-ல். சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் இருந்த கழிவுநீரும் வடிகாலும் குடிநீர் பார்த்த பியூபி வாரியத்தின் கைக்கு வந்தது 2001-ல். சோதனை ஆலை 2000-லேயே ஓடியது என்பீர்கள், ஓடியது, மறுக்கவில்லை. தொழில்நுட்பம்தான் தடை என்றால் நமீபியாவின் விண்ட்ஹூக் 1968-லிருந்தே சுத்திகரித்த கழிவுநீரைக் குடிநீரில் கலந்து தந்திருக்க முடியாது. மாறாக, ஆஸ்திரேலியாவின் டூவும்பாவில் 2006-ல், கடும் வறட்சியில், இதே யோசனையை வாக்கெடுப்புக்கு விட்டார்கள். சுமார் 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். தொழில்நுட்பம் கையில் இருந்தும் திட்டம் கிடப்பில் போனது.

துறைகளை இணைத்துவிட்டால் போதும் என்றும் நான் சொல்லவில்லை. ஒரே கட்டடத்தில் மூன்று மாடியில் உட்கார்ந்துகொண்டு கடிதம் எழுதிக்கொள்பவர்களையும் பார்த்திருக்கிறேன். பொது பெஞ்ச்மார்க், பொது வரைபடம், மூவரும் கையெழுத்துப் போட்டுச் செலவழிக்கும் ஒரு நிதி. இவை இருந்தால் வாசலில் துறைப் பெயர்ப் பலகை எத்தனை வேண்டுமானாலும் தொங்கட்டும்.

சொல்லாமல் போனால் மனசு ஆறாது: பின்னால் வந்த ஆலோசனை நிறுவனத்தின் பளபளப்பான அறிக்கையில் எங்கள் அளவெடுப்பு முழுசாக இருந்தது. பெயர் இல்லை. நான் அவசரத்தில் தப்பாக எழுதிய ஒரு எண்ணும் அப்படியே இருந்தது.

வடிகாலை மேன்ஹோலில் சேர்த்த அந்த இணைப்பை அடைக்க ஒரு நாள் வேலைதான். ஆனால் அடைக்கவேண்டிய இடம் கழிவுநீருடையது, காரணம் வடிகாலுடையது, புகார் எங்களுடையது. கோப்பு எட்டு மாதம் சுற்றியது. கடைசியில் 'குழாய்ப் பராமரிப்பு – இதர செலவு' என்று எங்கள் கணக்கிலேயே எழுதி அடைத்துவிட்டேன். கலங்கல் புகார் நின்றது. அடுத்த தணிக்கையில் கேட்டார்கள், மழைநீர் வடிகால் வேலைக்கும் குடிநீர்ப் பிரிவுக்கும் என்ன சம்பந்தம் என்று.