மெகாராவின் 151 நடுவர்கள்

அன்புள்ள ஐயா,

கிரேக்க நகர அரசுகள் தங்கள் தகராறுகளை வேறொரு நகரத்திடம் தீர்ப்புக்கு விட்டன என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். ஓயாமல் அடித்துக்கொண்டவர்கள் என்றுதான் நான் படித்திருக்கிறேன். மேலே ஒரு பேரரசர் இல்லாதபோது அந்தத் தீர்ப்பை யார் மதித்திருப்பார்கள்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சண்டையும் போட்டார்கள், வழக்கும் நடத்தினார்கள். கி.மு. 240ஐ ஒட்டி கொரிந்துக்கும் எபிடாரஸுக்கும் எல்லைத் தகராறு. இரண்டுமே கிரேக்க நகரங்கள் பல சேர்ந்து அமைத்த அக்கேயக் கூட்டமைப்பில் இருந்தவை. கூட்டமைப்பின் முடிவுப்படி மெகாரா நகரம் வழக்கை விசாரித்தது. அது அனுப்பிய நடுவர்கள் 151 பேர்! தகராறுக்குரிய நிலத்துக்கே நேரில் போய், அது எபிடாரஸுக்குச் சொந்தம் என்றார்கள். கொரிந்து விடவில்லை, எல்லை எதுவென்று ஆட்சேபம் கிளப்பியது. சரி என்று அதே நடுவர்களில் 31 பேர் மறுபடி வந்தார்கள். இந்த மலையுச்சியிலிருந்து அந்த மலையுச்சி, அங்கிருந்து அடுத்தது என்று எல்லையை வகுத்துக் கொடுத்தார்கள். எல்லாம் கல்வெட்டாக எபிடாரஸில் மருத்துவக் கடவுள் அஸ்கிளிப்பியஸின் கோயில் வளாகத்தில் கிடைத்திருக்கிறது. நடுவர்களின் பெயர்களையும் குலவாரியாக வெட்டியிருக்கிறார்கள். தீர்ப்புச் சொன்னவர் யார் என்பது ஊரறிய நிற்கிறது. இதற்காகவே எனக்கு அந்தக் கல்வெட்டின் மேல் தனி மதிப்பு.

இங்கே தீர்ப்புக்குப் பின்னால் கூட்டமைப்பு இருந்தது. அதுவும் இல்லாத இடத்தில் உங்கள் சந்தேகம் நியாயமானதுதான். கி.மு. 446-445இல் ஏதென்ஸும் ஸ்பார்ட்டாவும் முப்பதாண்டுச் சமாதான ஒப்பந்தம் செய்துகொண்டன. தகராறு வந்தால் நடுவர் தீர்ப்புக்குப் போகவேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை. பிறகு ஏதென்ஸ் அதைச் சுட்டிக்காட்டி அழைத்தபோது ஸ்பார்ட்டா வரவில்லை. இழுத்துவர யாருக்கும் அதிகாரம் இல்லை. கி.மு. 431இல் போர் மூண்டது.

ஆனால் ஒப்பந்தத்தின்போது தெய்வங்களின் பேரில் செய்த சத்தியம் ஸ்பார்ட்டாவினரை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. அந்தப் போரில் பைலோஸ் என்ற இடத்தில் பட்ட அடியும் மற்றத் துன்பங்களும் நடுவரிடம் போக மறுத்ததற்குக் கிடைத்த தண்டனை என்று அவர்கள் எண்ணியதாக, அந்தப் போரின் வரலாற்றை எழுதிய துசிடிடீஸ் சொல்கிறார். பிற்பாடு ஸ்பார்ட்டா கூப்பிட்டும் ஏதென்ஸ் நடுவரிடம் வர மறுத்தது. இப்போது குற்றம் எதிராளி பக்கம் என்ற தெம்பில்தான் கி.மு. 413இல் ஸ்பார்ட்டா மறுபடியும் ஏதென்ஸின் நாட்டுப்புறத்துக்குள் படையோடு நுழைந்தது.