அப்பாவின் ஓய்வூதியத் தொகையும் உங்கள் வீட்டுக்கடனும்

பாளையங்கோட்டையில் பணி ஓய்வு பெற்ற உங்கள் தந்தை, தமக்கென ஒரு செருப்புகூட வாங்காமல், கைக்கு வந்த தொகை முழுவதையும் உங்கள் வீட்டுக்கடனை அடைக்கத் தர முற்படுவதாக எழுதியிருந்தீர்கள். அடகுக்கடையில் வீட்டு நகை மூழ்கிப்போனதைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு மாதத் தவணையும் அவமானமாகவே படும். அதனை வாதத்தால் மாற்ற இயலாது. ஆயினும் அத்தொகையை நீங்கள் வாங்கிக்கொள்ளக் கூடாது என்பதே என் கருத்து. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில், 60 வயது நிறைந்தவர் 30 லட்சம் ரூபாய் வரை 5 ஆண்டுகளுக்கு இடலாம். வட்டி காலாண்டுதோறும் கிடைக்கும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவிடுவது அவர் மனத்தை உறுத்தாது. குற்றாலச் சாரல் தொடங்கியதும் அம்மாவை அழைத்துச் செல்லச் சொல்லுங்கள் (அறை வாடகையை மட்டும் சொல்லாதிருப்பது நலம்). நீங்களோ இயன்றபோது கூடுதல் தவணை செலுத்தி, கடன் நிலுவை குறைந்து வருவதை அவருக்குக் காட்டுங்கள்.