வெள்ளி தெற்கே போனால் மழை பொய்க்குமா? வெள்ளிக்கோள் பற்றிய கேள்வி பதில்

வன்னி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, கிளிநொச்சியில் நெடுங்காலம் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பதில் தருகிறார்.

விசுவமடு வாசகர்: சேர், பொழுது பட்டதும் மேற்கே ஒரு வெளிச்சம் அசையாமல் நிற்கிறது. ட்ரோனா?

இல்லை, வெள்ளி. வானத்தில் அசையாத வெளிச்சத்தைக் கண்டு வன்னியில் ஒருவர் திடுக்கிட்டால் எனக்குச் சிரிக்க மனம் வராது. போர்க்காலத்தில் ‘வண்டு’ என்று நாம் அழைத்த ஆளில்லா வேவு விமானம் சுற்றிய இரவுகளைக் கடந்து வந்தவர்கள் நாம். ஆனால் இது சூரியன், சந்திரனுக்கு அடுத்தபடி வானில் பிரகாசமான கோள். அதன் முகில்கள் தம்மீது விழும் ஒளியில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. சிறிது நேரம் பார்த்திருந்தால் மெல்ல இறங்கி மறையும். பைனாகுலர் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சூரியன் முழுவதும் மறைந்த பிறகுதான் அதைக் கண்ணருகே கொண்டு போக வேண்டும். ஒரு கணம் சூரியன் பட்டாலும் கண் போய்விடும்.

மல்லாவி மாணவி: சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். ஆனால் வெள்ளிதான் கூடச் சூடானது என்று படித்தோம். எப்படி?

நல்ல கேள்வி, பிள்ளை. இதில் இன்னொரு வியப்பும் இருக்கிறது. முகில்கள் இவ்வளவு ஒளியைத் திருப்பி அனுப்புவதால், வெள்ளி உள்ளே எடுத்துக்கொள்ளும் சூரிய சக்தி பூமி எடுத்துக்கொள்வதை விடக் குறைவு. அப்படியிருந்தும் தரையில் ஏறக்குறைய 465 பாகை செல்சியஸ். ஈயம் உருக 327 பாகை போதும். புதனில் போர்த்துவதற்குக் காற்றே இல்லை. பகலில் 430 பாகை வரை ஏறினாலும் இரவில் பூச்சியத்துக்குக் கீழே 180 பாகைக்கு இறங்கிவிடும். வெள்ளியில் இரவும் பகலும் ஒரே சூடு.

காரணம் அதன் வளிமண்டலம். அதில் 96.5 வீதம் காபனீரொட்சைட்டு. அமுக்கம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கு மேல். நம் கடலில் 900 மீற்றர் ஆழத்துக்குப் போனால்தான் அந்த அமுக்கத்தைக் காணலாம். உள்ளே வந்த வெப்பம் வெளியேற வழியில்லை. பூமியிலும் ஏறக்குறைய அதே அளவு காபன் இருக்கிறது. ஆனால் கடல் அதைக் கரைத்துப் பாறையாக்கிவிட்டது. யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் அடியில் கிடக்கிறதே சுண்ணாம்புக்கல், அதற்குள் பூட்டப்பட்டிருப்பது அந்தக் காபன்தான். வெள்ளியிலும் ஒரு காலம் நீர் இருந்திருக்கிறது. புறவூதாக் கதிர் நீரை உடைக்க, இலேசான ஐதரசன் விண்வெளிக்குத் தப்பியோடியது. எடை கூடிய ஐதரசன் தங்கிவிட்டது. அதன் விகிதம் அங்கே பூமியில் உள்ளதைப் போல நூறு மடங்குக்கு மேல்; நீர் இருந்ததற்கு அதுதான் சாட்சி. நீர் போன பின்னர் காபனைப் பாறையாக்க ஆளில்லை.

பூநகரி வாசகர்: அங்கே யாராவது இறங்கியிருக்கிறார்களா?

மனிதர் இல்லை. சோவியத் கலங்கள் இறங்கின. 1970 டிசெம்பர் 15 அன்று வெனெரா 7 பரசூட் பழுதாகி வேகமாக மோதியது. செத்துவிட்டது என்று எண்ணினார்கள். பதிவு நாடாவைப் பின்னர் ஆராய்ந்தபோது தரையிலிருந்து 23 நிமிடம் வந்த மெல்லிய சமிக்ஞை கிடைத்தது. வேறொரு கோளின் தரையிலிருந்து வந்த முதல் செய்தி அதுதான். 1975இல் வெனெரா 9 முதல் படத்தை அனுப்பியது. 1982 மார்ச்சில் வெனெரா 13 அந்த உலையில் 127 நிமிடம் தாக்குப்பிடித்து வண்ணப் படங்கள் அனுப்பியது: தட்டையான பலகைக் கற்கள், மண், எல்லாம் செம்மஞ்சள் நிறம்.

அதே மாதம் இறங்கிய வெனெரா 14இன் கதைதான் எனக்குப் பிடித்தது. கமெராவின் மூடி கழன்று தரையில் விழுந்தது. மண்ணின் இறுக்கத்தை அளக்க ஒரு கை நீண்டு வந்து குத்தியது. குத்திய இடம் அந்த மூடி. கோடானு கோடிக் கிலோமீற்றர் பயணித்துப் போய், தன் சொந்த மூடியை அளந்தது.

துணுக்காய் வாசகி: எனக்குச் சுக்கிர திசை எப்போது தொடங்கும்?

சோதிடரிடம் கேளுங்கள், அம்மா.

புதுக்குடியிருப்பு மாணவன்: அங்கே உயிர் உண்டா?

தரையில் வாய்ப்பில்லை. 50, 55 கிலோமீற்றர் உயரத்தில் வெப்பமும் அமுக்கமும் நமக்குத் தாங்கக்கூடியவை; ஆனால் முகில் முழுவதும் சல்பூரிக் அமிலம். உயிரின் அடையாளமாக இருக்கலாம் என்று கருதப்படும் பொசுபீன் வாயுவை அங்கே கண்டதாக 2020இல் ஓர் ஆய்வு வந்தது. விவாதம் இன்னும் ஓயவில்லை.

நெடுங்கேணி விவசாயி: வெள்ளி தெற்கே சாய்ந்தால் மழை பொய்க்கும் என்று அப்பு சொல்லுவார். காலபோகத்துக்கு விதைக்க முன் இதைப் பார்க்க வேண்டாமா?

வேண்டாம், ஐயா. வெள்ளி சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகுவதில்லை. டிசெம்பரில் சூரியன் தென்கோடியில் நிற்கிறது. ஆகவே ஒவ்வொரு டிசெம்பரிலும் வெள்ளியும் தெற்கேதான். வன்னிக்கு வடகீழ்ப் பருவமழை கொட்டும் மாதமும் அதுதான். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான் கதவுகளைத் திறந்தார்களே, அப்போதும் விடியலில் கிழக்கே வெள்ளி தென்புறமாகத்தான் நின்றது.

ஒட்டுசுட்டான் வாசகர்: அப்படியென்றால் சங்கப் புலவர்களும் முட்டாள்களா? வெள்ளி தெற்கே போனாலும் காவிரி பொய்க்காது என்று பாடினார்களே.

யாரையும் முட்டாள் என்று நான் சொல்லவில்லை. அந்தப் பாட்டு நம்பிக்கையின் வயதுக்குச் சாட்சி; அது சரி என்பதற்குச் சாட்சியல்ல.

நெடுங்கேணி விவசாயி மீண்டும்: டிசெம்பரில் மழை பொய்த்த வருடங்களும் உண்டு, சேர்.

உண்டு. பொய்த்த வருடமும் தெற்கே, பெய்த வருடமும் தெற்கே. இரண்டுக்கும் ஒரே இடத்தில் நிற்கிற சாட்சியை எந்த நீதவான் ஏற்பார்? விதைப்புக்கு வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையைப் பாருங்கள், குளத்தின் நீர்மட்டத்தைப் பாருங்கள்.

முல்லைத்தீவு கடற்றொழிலாளி: நாங்கள் விடிவெள்ளியைப் பார்த்துத்தான் கடலில் நேரம் அறிந்தோம். அதுவும் பொய்யா?

அது பொய்யில்லை, அண்ணன், அது கவனிப்பு. ஒன்று மட்டும்: எட்டு மாதமளவு விடியலில் நின்ற வெள்ளி பிறகு சூரியனுக்குப் பின்னால் மறைந்து, அந்தியில் வரும். முழுச் சுற்று 584 நாள். அப்படி ஐந்து சுற்று முடிய எட்டு வருடம். அதனால் எட்டு வருடத்துக்கு முன் இதே நாட்களில் நின்ற இடத்துக்கு மிக அருகிலேயே இன்றும் நிற்கும். உங்கள் தகப்பனாரின் காலத்துக் கணக்கை எழுதி வைத்தவர் யாராவது இருந்தால் எனக்கு அறிவியுங்கள். மழை வாதத்தை விட இதைப் பற்றித்தான் எனக்குப் பேச ஆசை.

ஒட்டுசுட்டான் வாசகர் மீண்டும்: மழைக்கு மட்டும் ஏன் ஏற்க மறுக்கிறீர்கள்?

மேலே உள்ளதை மீண்டும் வாசியுங்கள்.

மாங்குளம் வாசகர்: மேற்கே தெரியும் வெளிச்சம் செய்மதியா?

வெள்ளி.

முழங்காவில் வாசகர்: செல்பேசியில் பெருப்பித்துப் பார்த்தால் துடிக்கிற பந்து போலத் தெரிகிறதே?

வெள்ளிதான். கமெரா குவியவில்லை. நல்ல தொலைநோக்கியில் பிறை போலத் தெரியும் காலங்கள் உண்டு; கலிலியோ அதை 1610இல் கண்டார். மீண்டும் சொல்கிறேன், சூரியன் மறைந்த பிறகு மட்டும்.

தருமபுரம் மாணவி: அங்குள்ள இடங்களுக்குப் பெண்களின் பெயர்தான் வைக்கிறார்களாமே?

பெரும்பாலும் அப்படித்தான். ஓர் உயர் சமவெளிக்கு இலட்சுமி என்று பெயர். அதன் பக்கத்தில் எழும் 11 கிலோமீற்றர் உயர மலை மட்டும் மக்ஸ்வெல் என்ற ஆண் விஞ்ஞானியின் பெயரில் இருக்கிறது. முகிலை ஊடுருவும் ரேடாரால் மகெல்லன் கலம் 1990 முதல் 1992 வரை ஏறக்குறைய முழுத் தரையையும் வரைபடமாக்கியது. அந்தப் பழைய படங்களைத் திரும்பப் புரட்டித்தான், 1991இல் ஓர் எரிமலை வாய் எட்டு மாதத்துக்குள் உருமாறியதை 2023இல் கண்டுபிடித்தார்கள். இந்தியாவும் 2028இல் ஒரு கலம் அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. நீ உயர்தரத்தில் கணிதப் பிரிவை எடு. அதன் தரவுகள் வரும்போது பல்கலைக்கழகத்தில் இருப்பாய்.